முதல் மோட்டார் சைக்கிள்: ஆசையும் அமானிதமும்

பிள்ளை பள்ளியிறுதித் தேர்வில் தேறிவிட்டான். கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது. அடுத்து உங்கள் வீட்டில் எழும் முதல் கோரிக்கை என்னவென்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? "அத்தா, எனக்கொரு பைக் வேண்டும்!" தாய் தயங்குவாள். தகப்பனார் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் "பார்க்கலாம்" என்பார். ஒரு மாதம் கழிந்ததும் வாசலில் பளபளவென்று ஒரு வண்டி நிற்கும். எந்த வண்டி, ஏன் அந்த வண்டி என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மார்க்கக் கல்வி போதிக்கும் ஒருவருக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கருதலாம். குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாகவும், நாம் அறியாதவற்றையும் படைக்கவிருப்பதாகவும் சூரத்துந் நஹ்லில் இறைவன் கூறுகின்றான். வாகனம் அவன் தந்த அருட்கொடை. அதைத் தேர்ந்தெடுப்பதிலும் ஓட்டுவதிலும் மார்க்கத்திற்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நாற்பத்திரண்டு வயது வரை நான் மிதிவண்டியும் மாநகரப் பேருந்துமாகவே காலம் கழித்தவன். பஜ்ருக்குப் பின் மயிலாப்பூரில் மக்தப், அஸருக்குப் பின் அடையாற்றில் ஒரு வீட்டிலும் தியாகராய நகரில் இரண்டு வீடுகளிலும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் பாடம். மெட்ரோ இரயில் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக லஸ், மந்தைவெளி, பனகல் பூங்காப் பகுதிகளில் சாலைகள் அடைக்கப்பட்டுப் பேருந்துகள் சுற்றிச் செல்லத் தொடங்கியபோது, அஸர் ஜமாஅத் ஓரிடத்திலும் மஃரிப் ஜமாஅத் மற்றோரிடத்திலும் தவறலாயின. அப்போதுதான் வண்டி வாங்கும் எண்ணம் பிறந்தது. பிள்ளைகள் பதினெட்டு வயதில் கற்பதை நான் நரை தோன்றிய பின் கற்கப் புகுந்தேன். அதனால் ஒரு நன்மை விளைந்தது. பதினெட்டு வயதுக்காரன் கேட்கத் தயங்கும் கேள்விகளையெல்லாம் நான் கூச்சமின்றிக் கேட்டேன். அந்தக் கேள்விகளும் அவற்றிற்குக் கிடைத்த விடைகளும் உங்கள் வீட்டிற்குப் பயன்படுமென்றே இதை எழுதுகின்றேன்.

புல்லட்டின் கவர்ச்சி

நான் வண்டி வாங்கப் போகும் செய்தி பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர்களுள் என் சகோதரியின் மகன் முதல்வன். "மாமா, வாங்கினால் புல்லட் வாங்குங்கள். ஹஜ்ரத் புல்லட்டில் வந்து இறங்கினால் அந்தக் கம்பீரமே தனி!" என்றான்.

அவன் மீது குற்றமில்லை. சென்னை மண்ணுக்கே அந்த வண்டியோடு உறவுண்டு. எல்லைக் காவலுக்காக இந்திய இராணுவம் 1950களின் முற்பகுதியில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் பின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாகலாயிற்று. இங்கிலாந்தில் அந்த நிறுவனம் 1970இல் மூடப்பட்டுவிட்டது. நம் ஊரிலோ உற்பத்தி நின்றதில்லை. 1994இல் ஐஷர் நிறுவனத்துடன் இணைந்த பிறகு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன. பழைய புல்லட்டில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்ததை முதியவர்கள் இன்றும் பெருமையுடன் சொல்வார்கள்.

பெருமையெல்லாம் உண்மையே. ஆனால் புதிதாகக் கற்கும் ஒருவன் கணக்குப் பார்க்க வேண்டாமா? இன்றைய புல்லட் 350இன் எடை ஏறத்தாழ 195 கிலோ. நூறு சி.சி. வகை ஸ்பிளெண்டர் ஏறத்தாழ 112 கிலோ. இடையிலுள்ள வேறுபாடு 83 கிலோ. நன்கு வளர்ந்த ஓர் ஆடவரைக் கூடுதலாகச் சுமப்பதற்கு ஒப்பானது இது. ஓடும்போது அந்த எடை தெரியாது. ரங்கநாதன் தெரு முனையில் கூட்டத்துக்குள் நின்று நின்று நகரும்போதும், மழைநீர் தேங்கிய தெருவில் ஒரு கால் பள்ளத்தில் பதியும்போதும், நெருக்கமான பள்ளிவாசல் சந்தில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போதும்தான் தெரியும். பழகாத கைக்கு அந்த நேரத்தில் வண்டி சரிந்தால் தாங்கிப் பிடிக்க இயலாது.

நலமான வாகனம் எது?

மனிதனின் நற்பேறுகளாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னவற்றுள் விசாலமான வீடு, நல்ல அண்டை வீட்டார் ஆகியவற்றோடு சுகமான வாகனமும் இடம்பெறுகிறது. அங்கே வரும் 'ஹனீ' என்ற சொல்லை நான் மாணவர்களுக்கு விளக்கும்போது, தொண்டையில் சிக்காமல் இனிதாக இறங்கும் உணவுக்கும் அதே சொல் உண்டென்று கூறுவதுண்டு. ஏறியவனுக்குத் தொல்லை தராத, அவன் கைக்கு இணங்கும் வாகனம் என்பது அதன் கருத்து. விரைவாக ஓடும் வாகனமென்றோ, பார்ப்பவர் வியக்கும் வாகனமென்றோ அங்கே சொல்லப்படவில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடைகளுக்குச் சென்றேன். முதல் சோதனை மிக எளிது. வண்டியில் அமர்ந்து இரு பாதங்களையும் ஊன்றிப் பாருங்கள். குதிகால் தரையில் பதிய வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் அந்த வண்டி உங்களுக்கு உயரம் அதிகம். அடுத்து, தாங்கியிலிருந்து எடுத்து, இயந்திரத்தை இயக்காமல் பத்தடி முன்னும் பத்தடி பின்னும் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் வேறு வண்டியைப் பாருங்கள்.

மூன்றாவது பிரேக். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றிற்கு ஏ.பி.எஸ். என்னும் அமைப்பும், 125 சி.சி. வரையுள்ளவற்றிற்குக் குறைந்தது சி.பி.எஸ். என்னும் கூட்டு பிரேக் அமைப்பும் கட்டாயமாயின. ஏ.பி.எஸ். என்பது, பதற்றத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் முற்றாகச் சுழற்சி நின்று வழுக்கிவிடாதபடி, விட்டு விட்டுப் பிடிக்கச் செய்வது. கூட்டு பிரேக் என்பது, ஒரு பிரேக்கை அழுத்தும்போது மற்றொன்றும் ஓரளவு சேர்ந்து இயங்குவது. புதிதாகக் கற்பவன் அஞ்சி மிதிப்பது பின் பிரேக்கைத்தான். வண்டியை நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன் சக்கரத்தில் இருக்கிறது. ஆகவே இவ்வமைப்புகள் வீண் செலவென்று எண்ணிவிடாதீர்கள். பழைய வண்டி வாங்குவோர் இதை அவசியம் விசாரிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு விநாடி கவனம் பிசகினால், பிரேக்கைத் தொடுமுன்பே 11 மீட்டர் கடந்துவிடுவான். மயிலாப்பூர் மாட வீதியில் 11 மீட்டருக்குள் எத்தனை பேர் குறுக்கே நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டிகள் இந்த நகரின் தேவைக்குத் தாராளம்.

ஒரு ஜனாஸா

இத்தனை கணக்குப் பார்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் மக்தபில் ஓதிய பிள்ளை ஒருவன். அம்ம ஜுஸ்உவை மிக அழகாக ஓதுவான். பத்தொன்பது வயதில், கல்லூரி முதலாண்டில் நல்ல மதிப்பெண் பெற்றதற்காக உயர்சக்தி வண்டி ஒன்று பரிசாகக் கிடைத்தது. வாங்கிய ஏழாம் வாரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னிரவில் அது நேர்ந்தது. தலைக்கவசம் வீட்டில் அலமாரியின் மேல், விலைச் சீட்டுக்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

அவனைக் குளிப்பாட்டும்போது உடனிருந்தேன். உடலில் பெரிய காயம் ஏதுமில்லை. தலையில்தான். அவன் தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், அவன் கேட்டதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கத்ரை ஈமான் கொண்டவர்கள் நாம். அவனுக்குரிய தவணை அதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டிவிட்டு வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டும்படி நபிகளார் (ஸல்) கற்பித்ததையும் நாமே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். தலைக்கவசத்தின் வாரைக் கழுத்தடியில் பூட்டுவதுதான் இக்காலத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிவது கண்டிப்பாக்கப்பட்டது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற தலைக்கவசங்களை விற்கவே தடை. நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் முத்திரையற்ற ஓட்டைத் தலையில் கவிழ்த்துக்கொள்வது காவலருக்குப் பதில் சொல்லுமேயன்றி, விபத்துக்குப் பதில் சொல்லாது. ஜும்ஆ நாளில் நம் மஹல்லாத் தெருக்களைப் பாருங்கள். ஒரே வண்டியில் மூவர், மூவர் தலையிலும் வெள்ளைத் தொப்பி! தொழுகைக்குச் செல்வதால் சட்டமும் சாலையும் விலகி வழிவிடும் என்ற எண்ணமா? இகாமத் கேட்டாலும் ஓடி வராமல் அமைதியுடன் வரும்படி கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. அரஃபாவிலிருந்து திரும்பும் வேளையில் வாகனங்களை விரட்டிய மக்களை நோக்கி, அவசரப்படுத்துவதில் நன்மை இல்லையென்று நபிகளார் (ஸல்) உணர்த்தினார்கள். பராஅத் இரவில் பள்ளிவாசலுக்கென்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடற்கரைச் சாலையில் பந்தயம் விடும் சில இளைஞர்களால் சமுதாயம் முழுவதும் தலைகுனிய நேர்கிறது. அந்த இரவில் வண்டிச் சாவியைப் பெற்றோர் கையில் வைத்துக்கொள்வதில் என்ன தயக்கம்?

பின்னிருக்கை

சகோதரிகளே, இப்பகுதி உங்களுக்கானது. வண்டி வாங்கச் செல்லும் ஆடவர் இயந்திரத்தையும் நிறத்தையும் பார்ப்பார். பின்னால் அமரப் போகும் உங்களை மறந்துவிடுவார். புர்காவின் கீழ் நுனியும் துப்பட்டாவும் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கிக் கீழே இழுக்கப்பட்ட துயரங்களை நாம் கேள்விப்படாமலில்லை. பின்னால் அமர்பவருக்குப் பிடிமானமும் கால்வைக்கும் படியும், ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள நிபந்தனை. நாம் 'சேலை கார்டு' என்று அழைப்பது அதைத்தான். பார்வைக்கு அழகில்லையென்று இளைஞர்கள் அதைக் கழற்றி எறிகிறார்கள். சங்கிலி முழுவதும் மூடியிருக்கும் வண்டியே குடும்பத்திற்கு ஏற்றது. ஏறும் முன் ஆடையின் நுனிகளைத் திரட்டி மடியில் அமர்த்திக்கொள்வதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். புறப்படுமுன் ஓட்டுபவர் திரும்பி ஒருமுறை பார்ப்பதை நான் வாஜிபைப் போல் கடைப்பிடிக்கிறேன்.

குழந்தைகள் விஷயத்திலும் விதி உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளையை ஏற்றிச் செல்ல, ஓட்டுபவருடன் இணைக்கும் பாதுகாப்பு வாரும் சிறுவர் தலைக்கவசமும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இது 2023 பிப்ரவரி முதல் நடைமுறை. பெட்ரோல் தொட்டியின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் தாயின் மடியில் ஒரு பிள்ளை என்று பெருநாளன்று புறப்படும் குடும்பங்கள், அன்றொரு நாளாவது ஆட்டோவில் செல்லட்டும்.

வட்டியெனும் வழுக்கல்

ஒரு விற்பனை நிலையத்தில் நான் ரொக்க விலை கேட்டதும் விற்பனையாளரின் முகம் வாடிவிட்டது. "மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமே! வெறும் பத்து சதவீதம்தான்" என்றார். அந்தப் பத்தின் உட்பொருளை நீங்கள் அறிய வேண்டும். 60,000 ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்குப் பத்து வீதம் என்று மூன்றாண்டுக்கு 18,000 சேர்த்து, 78,000 ரூபாயை 36 தவணையாகப் பிரிப்பார்கள். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முதல் நாள் அசலுக்கே கடைசி வரை கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அது ஏறத்தாழ 18 சதவீதம் ஆகிறது! ஹராம் என்பதோடு ஏமாற்றமும் சேர்ந்துகொள்கிறது.

"வட்டியில்லாமல் எப்படி ஹஜ்ரத் வாங்குவது?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் மூன்று. முதலாவது, பொறுத்திருந்து சேர்ப்பது. ஓராண்டு பொறுத்ததால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை. இரண்டாவது, உறவினரிடமோ மஹல்லா பைத்துல்மாலிலோ அழகிய கடன் பெறுவது. நானும் ஒரு பகுதியை அவ்வாறே உறவினர் ஒருவரிடம் பெற்றேன். இரு சாட்சிகளுடன் எழுதிக் கொடுத்தேன். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதல்லவா! பதினான்கு மாதங்களில் தீர்த்தேன், அல்ஹம்துலில்லாஹ். மூன்றாவது, சக்திக்கேற்ற பழைய வண்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளின் ஜி.எஸ்.டி. வரி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததையும் கணக்கில் கொண்டு, புதியதா பழையதா என்று முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டி வாங்குவோர் பதிவுச் சான்றிலுள்ள இயந்திர எண்ணையும் சட்ட எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்தைய கடன் நிலுவை இருந்ததாயின், அது தீர்ந்ததற்கான படிவம் 35ஐக் கேளுங்கள். படிவம் 29, 30இல் கையொப்பம் பெற்று உடனே பெயர் மாற்றுங்கள். அபராத நிலுவையும் காப்பீடும் பாருங்கள். பெயர் மாற்றாமல் விட்டால், அந்த வண்டியால் நேரும் விபத்துக்கு விற்றவரும் நீதிமன்றம் ஏற நேரிடும். விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். ஈரத்தை மேலே வைத்து விற்கும்படி அவர்கள் கடிந்துரைத்தார்கள். விபத்துக்குள்ளாகி வளைந்து நிமிர்த்தப்பட்ட சட்டத்தை வண்ணம் பூசி மறைப்பவர் இதை நினைவில் கொள்ளட்டும். புதுப்பேட்டையில் நாணயமாகத் தொழில் செய்யும் சகோதரர்கள் பலர் உள்ளனர். குறையைச் சொல்லி விற்பவரைத் தேடிப் போங்கள்.

கற்கும் காலம்

பழகுநர் உரிமம் எடுத்து முப்பது நாட்கள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த முப்பது நாட்களை வீணாக்காதீர்கள். நான் ஞாயிறுகளில் பஜ்ருக்குப் பின், ஆளரவமற்ற தெருக்களில் பழகினேன். முதல் வாரம் கிளட்சை மெல்ல விடுவதும் நிறுத்துவதும் மட்டும். இரண்டாம் வாரம் எட்டுப் போடுதல். மூன்றாம் வாரம் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நேர்கோட்டில் நிறுத்துதல். அதன் பிறகே திரு.வி.க. பாலத்தைக் கடந்தேன். உரிமம் பெற்ற பின்னும் மூன்று மாதங்கள் பின்னால் எவரையும் ஏற்றவில்லை. முதல் வடகிழக்குப் பருவமழையில், நீர் தேங்கிய இடங்களையும் சாலைப் பணிக்காகப் பரப்பிய இரும்புத் தகடுகளையும் கண்டால், பிரேக்கைத் தொடாமல் முன்னரே வேகம் குறைத்துக் கடக்கப் பழகினேன்.

பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் கியர் வண்டியைக் கொடுக்கும் பெற்றோரே! 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உங்களுக்கு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்ற சொல்லை இனிச் சொல்லாதீர்கள்.

மருமகனின் வண்டி

சென்ற ஆண்டு என் மருமகனுக்கே வண்டி வாங்கும் நாள் வந்தது. சகோதரி என்னை அழைத்து, "தம்பி, நீ சொன்னால் கேட்பான்" என்றாள். நான் அவனுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. தியாகராய நகரில், முன்பு சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக 1934இல் பொறுப்பேற்ற சர் முஹம்மது உஸ்மான் பெயர் தாங்கிய உஸ்மான் சாலையில், மாலை ஆறு மணி நெரிசலில் அவன் நண்பனின் 350 சி.சி. வண்டியைப் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். வியர்த்து வந்தான். பிறகு அவன் உம்மாவைப் பின்னிருக்கையில் அமர வைத்துப் பார்க்கச் சொன்னேன். கால் வைக்கும் படி உயரமாயிருந்ததால் அவளால் ஏறவே முடியவில்லை.

"இந்த வண்டியில் நீ முதலில் ஏற்றப் போவது யாரை?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பின்பு, "உம்மாவைத்தான் மாமா. மருத்துவமனைக்குப் போகவர ஆட்டோவுக்கே பாதிப் பணம் போகிறது" என்றான்.

125 சி.சி. வண்டி ஒன்று வாங்கினான். சேலை கார்டைக் கழற்றவில்லை. "கூட்டாளிகள் கிண்டல் செய்கிறார்கள்" என்று இன்னமும் குறைப்பட்டுக்கொள்கிறான். புல்லட் ஆசை அவனை விட்டுப் போய்விட்டதாக நான் சொல்ல மாட்டேன். சம்பாதித்து, கை பழகி, முப்பது வயதில் அதை வாங்குவானாயின் நானே துஆச் செய்து அனுப்புவேன்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டிலும் அந்தக் கோரிக்கை எழும்போது உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே இசையவும் வேண்டாம். பிள்ளையுடன் அமர்ந்து மூன்றைக் கேளுங்கள்: இவ்வண்டியை உன்னால் தாங்க முடியுமா? பின்னால் அமர்பவர் பாதுகாப்பாக இருப்பாரா? இதன் விலையில் வட்டியின் கறை உண்டா? மூன்றிற்கும் நல்ல விடை கிடைத்தால், வண்டிக்கு முன் தலைக்கவசத்தை வாங்கிக் கொடுங்கள். ஏறும்போது ஓதும் துஆவையும் கற்றுக் கொடுங்கள். இந்த வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் இறைவனே என்பதும், நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பதும் அந்த துஆவின் கருத்து. அதை உணர்ந்து ஓதியவன் கை, முறுக்கியை வெறிகொண்டு திருகாது.

வல்ல நாயன் நம் பிள்ளைகளைச் சாலைகளில் காத்து, மாலையில் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.